கவ்வாத்துக் குச்சிகளைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அலுவலக வளாகங்களிலும் பள்ளிகளிலும் அழகுக்காக வளர்க்கும் வேலிச் செடிகளைக் கவ்வாத்து செய்யும்போது விழும் இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்திக் கிளைகள் அன்றே குப்பை வண்டியில் ஏறிவிடுகின்றன. அதே செடிகளை நாம் நர்சரியில் விலை கொடுத்து வாங்குகிறோம். இவை எல்லாம் குச்சியிலிருந்தே வேர்விடக் கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றி வேலி வளர்த்த ஊர்கள் நம்முடையவை. ஆனால் கிளுவை இலையுதிர்ந்து நிற்கும்போது நடப்படுவது. தண்டில் சேர்த்து வைத்த நீரைக் கொண்டே அது தாக்குப்பிடித்துவிடும். ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் செடிகளின் நிலை வேறு. வேரில்லாத குச்சியின் இலைகள் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்க, அதை ஈடுசெய்ய வழியின்றிக் குச்சி சில நாட்களில் வாடிவிடுகிறது. அதற்காக இலைகள் அனைத்தையும் உருவிவிடுவதும் தவறு. வேர் உருவாவதற்கு வேண்டிய உணவையும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியையும் கீழே அனுப்புபவை இலைகளும் துளிர்களுமே. ஆகவே நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் நிறுத்தி, அவற்றையும் பாதியாகக் கத்தரித்து, மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும்.

மிக இளம் தளிரும் முற்றிய கட்டையும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள கிளையில் 15 செ.மீ. நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, மணலும் தேங்காய் நார்த்தூளும் சமமாகக் கலந்த தொட்டியில் இரண்டு கணுக்கள் புதையும்படி நட வேண்டும். எரு கூடாது, அது அடிப்பகுதியை அழுகச் செய்துவிடும். வேர் ஊக்கித் தூள் கிடைத்தால் தொட்டு நடலாம். செம்பருத்திக்கு அது இல்லாமலும் வேர் வரும். அடியை அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மூடினால் உட்புறம் நீர்முத்துகள் படிந்து ஈரம் காக்கும். ஆனால் நேர் வெயில் பட்டால் குச்சி உள்ளேயே வெந்துவிடும் என்பதால் நிழல் அவசியம். ஆடிக் காற்று இலைகளை உலர்த்திவிடுவதால், நம் பகுதிக்கு மழை மிகுந்த ஆவணி முதல் ஐப்பசி வரையே ஏற்ற காலம் என்பது என் கருத்து. செம்பருத்தி ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர்விடும். இட்லிப்பூவுக்கு இன்னும் பொறுமை வேண்டும். புதிய துளிரை நம்பிக் குச்சியைப் பிடுங்கிப் பார்க்காமல், தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரியும்வரை காத்திருப்பது நல்லது.

இங்கே தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் இட்லிப்பூ, இந்நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண்ணிலுள்ள இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளித்துப் போகும். அதற்கு மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே சிறந்தது.

அரளியும் இவ்வாறே எளிதில் வரும். ஆயினும் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. வெட்டிய பின் கையையும் கத்தியையும் கழுவ வேண்டும், கழிவை ஆடு மாடுகள் மேயும் இடத்தில் போடவோ எரிக்கவோ கூடாது.

நகராட்சிகளும் அரசு அலுவலகங்களும் கவ்வாத்து நாளை முன்கூட்டி அறிவித்து, மாவுப்பூச்சி தாக்கிய கிளைகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் வழங்க முன்வர வேண்டும். தோட்டக்கலைத் துறையும் தன் பண்ணைகளில், மழைக்காலத்திலேனும், குச்சி நடும் முறையைச் செய்து காட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.