பொன்மலை ஹாலில் எந்த ஆட்டம்? மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

பெரம்பூர்,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சௌகார்பேட்டையில் நவராத்திரி கர்பா முடிந்து தெருவெல்லாம் அடங்கிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் வழக்கம்போல் தண்ணீர். டிசம்பர் பிறந்தால் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு வர ஆரம்பிக்கும். பிறகு பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஹால் கிடைத்த இடமெல்லாம் ஜைவும் வால்ட்ஸும்தான்.

பொன்மலையில் ஹால் கிடைத்துவிட்டது, ஜனவரியில் ஜோடி நடன வகுப்பு ஆரம்பிக்கிறேன், பன்னிரண்டு வாரத்துக்கு ஸ்டெப் பட்டியல் அனுப்பு என்று கேட்டிருந்தாய். வெறும் பட்டியல் உனக்கு உதவாதுடி. ஒரு ஆட்டம் எந்தத் தரையில், எவ்வளவு நெரிசலில், எந்தத் தாளத்துக்குப் பிறந்ததோ அதற்கேற்றபடிதான் அதன் ஸ்டெப் அமைந்திருக்கிறது. அது தெரிந்தால் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதும் உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வால்ட்ஸை எடுத்துக்கொள். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமங்களில் லேண்ட்லர் என்று ஒரு ஜோடி ஆட்டம் இருந்தது. மூன்று தட்டுத் தாளம், கனமான பூட்ஸ், குதிப்பும் மிதிப்புமாகச் சுற்றுவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சுழற்சி வியன்னா நகர ஹால்களுக்குள் நுழைந்தது. அங்கே பாலிஷ் போட்ட மரத்தரை, மெல்லிய செருப்பு. குதிப்பு போய் வழுக்கிச் செல்லும் நடை வந்தது. 1814-15 வியன்னா மாநாட்டுக்கு வந்த பிரபுக்கள் ஐரோப்பா முழுக்க இதைப் பரப்பினார்கள். இப்படி நெருங்கிப் பிடித்துக்கொண்டு ஆடுவதா என்று 1816-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை கண்டித்து எழுதியது.

வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்கு 180 தட்டு ஓடும். புதியவர்களுக்கு அது வேண்டாம். 84 முதல் 90 தட்டில் வரும் மெது வால்ட்ஸில் ஆரம்பி. பாக்ஸ் ஸ்டெப் தெரிந்ததுதான்: லீட் செய்பவர், அதாவது ஜோடியை வழிநடத்துகிறவர், இடது கால் முன்னே, வலது கால் பக்கவாட்டில், இடது காலைச் சேர், அடுத்து வலது கால் பின்னே, இடது பக்கவாட்டில், வலதைச் சேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுவது அந்த மூன்றாவது தட்டில். காலைச் சேர்ப்பார்கள், ஆனால் உடல் எடையை அதன்மேல் மாற்றமாட்டார்கள். அதனால் அடுத்த சுற்றில் எந்தக் கால் முதலில் என்பது குழம்பி, ஜோடி இரண்டும் ஒரே காலை மிதித்துக்கொள்ளும். சேர்த்த பிறகு மற்ற காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக் காட்டச் சொல். தூக்க முடியவில்லை என்றால் எடை மாறவில்லை. இந்த ஒரு சோதனை எல்லா ஆட்டத்துக்கும் செல்லும். எழும்புவதும் தாழ்வதும் அப்புறம்: முதல் தட்டின் கடைசியில் எழும்ப ஆரம்பித்து, மூன்றாவது தட்டின் கடைசியில் குதிகாலை இறக்க வேண்டும். முதல் தட்டிலேயே நுனிக்காலில் நிற்பவர்கள் பொம்மை மாதிரித் துள்ளுவார்கள். பாக்ஸ் கைவந்ததும் மூன்று தட்டுக்குக் கால்வாசிச் சுற்று என்று இடப்பக்கமாகத் திருப்பு. பன்னிரண்டு அடியில் ஒரு முழுச் சுற்று வந்துவிடும்.

ஜைவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். உன் ஊரிலும் ரயில்வே காலனி என்பதால் அதைக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஜைவின் தாய் லிண்டி ஹாப். நியூயார்க் ஹார்லெமில் 1926-இல் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த ஆட்டம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம் என்று அனுமதித்த இடம் அந்தக் காலத்தில் அபூர்வம். சவாய் அப்படிப்பட்ட இடம். ஃபிராங்கி மேனிங் 1935-இல் தன் ஜோடியை முதுகுக்கு மேல் புரட்டி இறக்கினார். லிண்டியில் அந்தரத்தில் செய்யும் வித்தைகளுக்கு அதுதான் ஆரம்பம் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு இந்த ஆட்டம் கடல் தாண்டிப் போனது. பிரிட்டனில் அதைச் சுருக்கி ஒழுங்குபடுத்தி ஜைவ் ஆக்கினார்கள். ரயில்வே ஊழியர்களின் மன்றங்களான இன்ஸ்டிடியூட்களில் ஆடி ஆடி அது நம் பக்கத்து மனிதர்களின் ஆட்டமாகவே ஆகிவிட்டது.

ஜைவின் அடிப்படை ஆறு தட்டு: பின்னால் ஒரு ராக் ஸ்டெப், அதாவது ஒரு கால் பின்னே வைத்து எடையை முன்காலுக்கே திருப்பும் இரண்டு அடி, பிறகு இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி. ஆறு தட்டில் எட்டு அடி. பாட்டோ நான்கு நான்காகப் போகும். அதனால் இரண்டாவது தடவை ராக் ஸ்டெப் பாட்டின் நடுவில் வந்து விழும். புதியவர்கள் ஏதோ தப்பாகிவிட்டது என்று நின்றுவிடுவார்கள். இரண்டு தடவை ஆடினால் பன்னிரண்டு தட்டு, அது பாட்டில் நான்கு தட்டு வரிசை சரியாக மூன்று என்று முதல் நாளே விளக்கிவிடு, பயம் போய்விடும். ராக் ஸ்டெப்பில் பின்கால் அரை செருப்பு நீளத்துக்கு மேல் போகக் கூடாது, குதிகால் தரையில் படக் கூடாது. பெரிதாகப் பின்னால் வைத்தால் உடல் சாயும், ஜோடியின் தோளை இழுக்கும். போட்டி ஜைவ் நிமிடத்துக்கு 170 தட்டுக்கு மேல்; வகுப்புக்கு 130 போதும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கானாவும் குத்தும் கேட்டு வளர்ந்த காது அவர்களுக்கு. டப்பாங்குத்துத் தாளம் ஆறு எட்டு, மூன்று மூன்றாக உருள்வது. லிண்டியும் ஜைவும் ஆடும் ஸ்விங் இசையிலும் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அந்த மூன்றின் உருட்டு ஒளிந்திருக்கிறது. ஜைவின் மூன்று அடியும் சம இடைவெளி இல்லை. முதலாவது நீளம், நடுவில் ஒரு சின்ன அடி, மூன்றாவது ஊன்றி நிற்பது. சினிமா நடனம் மட்டும் பழகியவர்கள் மூன்றையும் சமமாக எண்ணி வைப்பார்கள், ஆட்டம் தட்டையாகிவிடும். புளியந்தோப்பு, காசிமேட்டுப் பையன்களிடம் கையால் குத்துத் தாளம் தட்டச் சொல்லி, அதே உருட்டில் காலை வைக்கச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முழங்காலை மடக்கி, எடையைக் கீழே வைத்துத்தான் குத்து ஆடுவோம். லிண்டிக்கும் சல்சாவுக்கும் வேண்டியதும் அதே நிலைதான். அவர்களுக்குக் கஷ்டம் தருவது வால்ட்ஸ். நிமிர்ந்து, தலையை உயர்த்தி, தரையை வருடிச் செல்ல வேண்டுமே.

சல்சாவின் வேர் கியூபாவின் கிழக்குப் பகுதி சோன் இசை. ஸ்பானியக் கிட்டாரும் ஆப்பிரிக்கத் தாளமும் அங்கே கலந்தன. அதோடு மாம்போ என்ற கியூப ஆட்ட இசையும் சேர்ந்து நியூயார்க்குக்குப் போக, 1960-70களில் போர்ட்டோரிக்கோ, கியூபாவிலிருந்து குடியேறியவர்கள் அதற்குச் சல்சா என்ற பெயரில் புது உருவம் கொடுத்தார்கள். 1964-இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது.

எட்டு எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு, மூன்று அடி, நாலில் நிறுத்தம், ஐந்து, ஆறு, ஏழு அடி, எட்டில் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாரும் கெடுப்பார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு காலால் தரையில் தட்டுவார்கள், எடை அதில் போய்விடும், ஐந்தில் தப்பான கால் வரும். மூன்றாவது அடியை மெதுவாக வைத்து நாலு முடியும்வரை அழுத்தச் சொல். கிளாவே என்னும் இரண்டு மரக்கட்டைகளின் ஒலியைக் கேட்கப் பழக்கு: மூன்று-இரண்டு வகையில் ஒன்று, இரண்டரை, நாலு, ஆறு, ஏழு என்று விழும். கை தட்டியே ஒரு வாரம் ஓட்டலாம், நேரம் வீணாகாது. இடுப்பு அசைவைத் தனியாகச் சொல்லித்தராதே. மடக்கிய முழங்காலில் அடி வைத்து, எடை ஏறும்போது நிமிர்த்தினால் இடுப்பு தானாக அசையும். அடி செருப்பு நீளத்துக்குள் இருக்கட்டும். திருப்பும்போது லீட் செய்பவர் கட்டைவிரலால் பிடித்து முறுக்கக் கூடாது. ஜோடியின் நெற்றிக்கு மேலே கை தளர்வாக இருக்க வேண்டும். தோள்பட்டைப் பிடிப்பு வருவது பெரும்பாலும் இந்தப் பிடியால்தான்.

ஹவானாவின் காசினோ பாணியில் ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஜோடி மாறுவார்கள். ருவேதா என்று பெயர். உன் வகுப்புக்கு இது அருமையாகப் பொருந்தும். கும்மி, கோலாட்டம் ஆடிய பெண்களுக்கு வட்டத்தில் நகர்வது புதிதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒரே ஆளோடு மாட்டிக்கொண்ட உணர்வு வராது.

சா-சா-சா அதே குடும்பம்தான், ஆனால் அதன் வம்சாவளி நீளம். இங்கிலாந்துக் கிராமத்து வரிசை ஆட்டங்களை 1651-இல் ஜான் பிளேஃபோர்ட் அச்சிட்டார். அவை பிரான்சுக்குப் போய், கரீபியன் தீவுகளை அடைந்து, கியூபாவில் வேறு உருவெடுத்தன. 1879-இல் மத்தான்ஸாஸ் நகரில் மிகேல் ஃபைல்தே தான்சோன் என்ற வடிவத்தை அரங்கேற்றினார். மாம்போவின் இடறும் தாளத்தில் ஆட ஜனங்கள் திணறுவதைப் பார்த்து, தான்சோன் வழியிலேயே வந்த என்ரிகே ஹோரின் 1950களின் தொடக்கத்தில் இசையை எளிமையாக்கினார். அதுதான் சா-சா-சா. முதல் அடி இரண்டாவது தட்டில் விழ வேண்டும்: இரண்டு, மூன்று, நாலு-அண்ட்-ஒன்று. ஒன்றில் ஆரம்பிப்பவர்களைத் திருத்துவது சிரமம். ஒன்றில் பக்கவாட்டில் ஓர் அடி வைத்து நுழையச் சொன்னால் சரியாகிவிடும்.

பச்சாட்டாவும் மெரெங்கேவும் டொமினிகன் குடியரசின் ஆட்டங்கள். முதல் நாளே ஜனங்களைச் சிரித்து ஆட வைக்க மெரெங்கே போதும், இடது வலது என்று நடந்தால் ஆட்டம். பச்சாட்டாவில் மூன்று அடி, நாலில் காலால் தரையில் லேசாக ஒரு தட்டு. அந்தத் தட்டில் எடை ஏறக் கூடாது.

டாங்கோவை இந்தப் பன்னிரண்டு வாரத்தில் சேர்க்காதே. வேண்டாம் என்பதற்கில்லை, அதற்கென்று தனியாக நாள் வேண்டும். புவனோஸ் ஐரிஸ், மான்டேவீடியோ துறைமுகப் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி, ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கியவர்களும் ஆப்பிரிக்க வம்சத்தவரும் ஒரே ஏழைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த ஆட்டம் இது: நெரிசலான தரையில் நெஞ்சோடு நெஞ்சாக, சின்ன அடியாக நடப்பது. டாங்கோ முழுக்க நடைதான். ஆனால் பாடம் நடத்துகிறவர்கள் எட்டு அடி வரிசை ஒன்றை முதல் நாளே திணிக்கிறார்கள். அதில் லீட் செய்பவரின் முதல் அடி பின்னால். எல்லாரும் இடஞ்சுழியாக நகரும் ஹாலில் பின்னால் ஓர் அடி வைத்தால் பின்னால் வருகிறவரை இடிப்பது உறுதி. இரண்டாவது அடியான பக்கவாட்டு அடியிலிருந்து ஆரம்பிப்பதே சரி. யுனெஸ்கோ 2009-இல் பண்பாட்டு மரபாக அறிவித்த ஆட்டம், அரைகுறையாகச் சொல்லித்தர மனம் வரவில்லை.

இனி உன் ஹால். மொசைக் தரையா, சிமென்ட்டா என்று எழுதவில்லையே? சிமென்ட் என்றால் கான்வாஸ் ஷூவோடு யாரையும் சுழலவிடாதே. ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடல் மட்டும் திரும்பும், முழங்கால்தான் அதை வாங்கும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. மொசைக்கில் வழுக்கினால் சிலர் பவுடர் தூவுவார்கள், அது இன்னும் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும். 20-க்கு 30 அடி ஹாலில் சல்சா, ஜைவ் என்றால் பன்னிரண்டு ஜோடி தாராளமாக ஆடலாம். வால்ட்ஸுக்கு எட்டு ஜோடிக்கு மேல் போகாதே, அது ஹாலைச் சுற்றி நகரும் ஆட்டம். மூன்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்று. கணவன் மனைவியாக வருகிறவர்கள் மாறத் தயங்கினால் வற்புறுத்தாதே, ஆனால் தப்பை ஒருவர்மேல் ஒருவர் போட ஆரம்பித்தால் உடனே நீ நடுவில் போய் நில். ஆளுக்கு ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் கட்டாயம் என்று முதல் நாளே சொல்லிவிடு.

முதல் வாரம் மெரெங்கேயும் எடை மாற்றும் பயிற்சியும். இரண்டு முதல் ஐந்து வரை ஜைவ். ஆறு முதல் ஒன்பது வரை சல்சா, கடைசி அரைமணி ருவேதா. மீதி மூன்று வாரம் மெது வால்ட்ஸ். சா-சா-சா கேட்டால் சல்சா வாரத்தில் ஒன்றைக் கொடு. பாட்டுகளை நிமிடத் தட்டு வாரியாகப் பிரித்து பென் டிரைவில் போட்டு, பொங்கலுக்கு அங்கே வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை உன் போனில் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பழகு.

தரை என்னவென்று எழுது. ஸ்பீக்கர் வாங்கும் முன்னால் ஒரு வார்த்தை கேள், கிளாவேயும் காங்கா மேளமும் தெளிவாகக் கேட்காத ஸ்பீக்கரை வாங்கிவிடாதே. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
ஸ்டெல்லா