வாய்தா இல்லாத மே மாதம்

வேலூர்,
அக்னி நட்சத்திரம் மூன்றாம் நாள்

அன்புள்ள சம்பத்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்காலும் காரணமில்லை, பேரனும் காரணமில்லை. ஊர் ஊராகப் பழைய கோர்ட் கட்டடம் பார்க்கப் போயிருந்தேன். சிரிக்காதே. மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. வக்கீல் ஐயா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வேறென்ன வேலை? "மலைக்குப் போறவங்க உண்டு, கோயிலுக்குப் போறவங்க உண்டு. நாப்பது வருஷம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்துட்டு, லீவுக்கும் கோர்ட்டுக்கே போற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்" என்று வீட்டில் சொன்னாள். சொல்லிவிட்டு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தாள்.

முதலில் நீ கேட்டவற்றுக்குப் பதில். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோட்டை அகழியில் தண்ணீர் இருக்கிறது, பாலாற்றில் இல்லை. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்களே, அதில் சாமி மட்டும் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்ற இரண்டும் நீ விட்டுப்போன மாதிரியேதான். உன் மருமகனிடம் ஒன்று சொல்லிவை. போன தடவை என் கடிதத்தைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாராம். அதனால் இந்தக் கடிதத்தில் ஓர் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எந்த ஊர் என்று உனக்குப் புரியும்.

முதலில் போனது ஆற்காடு. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751-இல் இருநூறு வெள்ளைக்காரச் சிப்பாய்களோடும் முந்நூறு நம்மூர்ச் சிப்பாய்களோடும் வந்து கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும், அப்புறம் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதும் வரலாற்றுப் பாடத்தில் வந்தது நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்குப் பத்து மார்க். அந்தப் பத்து மார்க் நவாப் ராஜ்யத்தில் இன்று கண்ணுக்குத் தெரிகிறமாதிரி மிஞ்சியிருப்பது ஒரு வாசல். நிழலுக்காக அதன் கீழ் நின்றுகொண்டு ஒரு கணக்குப் போட்டேன். என் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நவாப் பாஷை பேசியிருப்பேன்? காலையில் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, வழக்கைத் தாக்கல் செய்வது, வாய்தா தேதியைக் குறித்துக்கொள்வது, அசலை வழக்குக் கட்டுக்குள் வைத்துவிட்டு நகலுக்கு எழுதிப் போடுவது, ஜாமீன்தாரரை ஆஜர்படுத்துவது, ராஜிக்கு, அதாவது சமாதானத்துக்கு, மசிகிற ஆளை டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேசுவது, மசியாத ஆள்மேல் கோர்ட் ஊழியரான அமீனாவை ஜப்திக்கு அனுப்புவது. வக்கீல் என்பதும் அந்தப் பாஷைதான். இந்தச் சொற்களில் ஒன்றுகூடக் கம்பனுக்குத் தெரிந்திருக்காது. அரபியும் பாரசீகமும் உருது வழியாக நம் கோர்ட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. 1801-இல் கம்பெனிக்காரன் நவாபிடமிருந்து ராஜ்யத்தை எழுதி வாங்கிக்கொண்டான். சொற்களை மட்டும் மாற்றாமல் அதே சொற்களில் கச்சேரி நடத்தினான். குமாஸ்தாவான நானும் அவற்றை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன்.

கச்சேரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தெருப் பலகையைப் பார்த்துப் பேரன் கேட்டான், "தாத்தா, கச்சேரித் தெருன்னா இங்க பாட்டுப் பாடுவாங்களா?" தாலுகா ஆபீஸைத்தான் அந்தக் காலத்தில் கச்சேரி என்பார்கள் என்று விளக்கிச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

(ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிட்டேன். அரைதான். சர்க்கரை பற்றி மேலே எழுதியது எழுதியதுதான்.)

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை இரண்டையும் ஒரே நாளில் முடித்தேன். முகமது அலி வாலாஜா நவாப் பெயரில் உள்ள ஊருக்குத்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வந்தது. நான் போனது பஸ்ஸில், அதுவும் நின்றுகொண்டே. வந்தவாசியில் வெயில் தாங்காமல் பாதியிலேயே திரும்பிவிட்டேன். 1760-இல் அங்கே பிரெஞ்சுக்காரர்களும் தாங்கவில்லை. ஆனால் அவர்கள் தோற்றது ஜனவரியில். வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

இனி அந்த ஊர். உங்கள் கிணற்று வழக்கு நடந்த ஊர்.

அங்கே முனிசீப் கோர்ட்டை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்தே மனது ஒரு மாதிரியாக இருந்தது. 1979-இல் நான் சேர்ந்த முதல் வேலை அங்கேதான். பழைய காம்பவுண்டு அப்படியே இருக்கிறது. நடுவில் தாலுகா ஆபீஸ், ஒரு பக்கம் கஜானா, பின்னால் சப் ஜெயில், மறுபக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ், வேப்பமரத்தைத் தாண்டி நம் கோர்ட். தாசில்தாரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த காலத்துத் திட்டம் அது. வரி கட்டாதவன், அடிதடி செய்தவன், நிலம் வாங்க வந்தவன் எல்லாரும் ஒரே கேட் வழியாக வந்து, ஒரே பானையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

கோர்ட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த பையன் எழுத்து மூலம் அனுமதி கேட்டான். "தம்பி, இந்தப் பூட்டைப் பத்து வருஷம் நானே பார்த்திருக்கேன்" என்றேன். அசைந்து கொடுக்கவில்லை. அப்புறம் எலுமிச்சம்பழச் சாதத்தை இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். ராஜி ஆகிவிட்டது.

உள்ளே போனதும் முதலில் அண்ணாந்து பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்டது. ஒரு மூலையில் காரை பெயர்ந்து வானம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. உத்திரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். பங்கா என்ற பெரிய துணி விசிறி தொங்கின வளையங்கள் அவை. ஜட்ஜ் உட்காரும் மேடைக்குப் பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் ஓட்டை. பத்து வருஷம் அந்தச் சுவரைப் பார்த்தவன் நான். குருவி கூடு கட்டும் பொந்து என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தடவை விரலை விட்டுப் பார்த்தேன். கீழ் விளிம்பு மட்டும் வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. பங்காக் கயிறு போன வழி! வெளியே தாழ்வாரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். உள்ளே நடந்த எந்த வழக்கும் அவன் கண்ணில் பட்டிருக்காது. காதில் விழுந்திருக்கும்.

சாட்சிக் கூண்டு இன்னும் இருக்கிறது. பிடிகட்டை நடுவில் கறுத்து மின்னுகிறது, இரண்டு ஓரமும் வெளுத்திருக்கிறது. பயந்தவன் நடுவில்தான் பிடிப்பான். உங்கப்பா பிடிக்கவே இல்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதில் சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல், "கிணற்றில் உங்கள் பங்கு எத்தனை முறை?" என்று கேட்டதற்கு, "தண்ணி இருக்கிறப்போ நாலு நாளைக்கு ஒரு முறை, இல்லாதப்போ எல்லாருக்கும் சமம்" என்றார். முனிசீப் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முனிசீப் என்ற உத்தியோகமே 1816-இல் போட்ட ரெகுலேஷனில் வந்தது. தாமஸ் மன்றோ பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு. சின்னச் சின்ன வழக்குகளை உள்ளூர்ப் பாஷை தெரிந்த நம்மவரே விசாரிக்கட்டும் என்பது அதன் நோக்கம். கிணற்று முறையும் வரப்புத் தகராறும் லண்டனிலிருந்து வந்த துரைக்கு எப்படிப் புரியும்?

வெளியே வந்தால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. விடுமுறை என்பதால் மட்டுமில்லை. டைப் அடிக்கும் கடைகள் மூன்று இருந்தன, ஒன்றுகூட இல்லை. பத்திரம் விற்ற திண்ணையில் செல்போன் ரீசார்ஜ். சாம்பார் வாளியோடு ஓடிய மெஸ்ஸுக்கு ஷட்டர். அந்த ஊரில் சந்தை நாளைவிட வாய்தா நாளில்தான் கூட்டம் என்பார்கள். காலை ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் வாதியும் பிரதிவாதியும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவார்கள். மூன்று மைல் தள்ளி பைபாஸ் பக்கம் கோர்ட் போனதும், வழக்குப் போட்டவனோடு சேர்ந்து டீக்கடைக்காரனும் அலைகிறான். ஊருக்கு நடுவில் இருந்த வேப்பமர நிழலுக்கு அங்கே என்ன ஈடு செய்தார்கள் என்று பார்க்கப் போனேன். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை இருக்கிறது. நம் அருமையான பழைய கட்டடத்தில் ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்கள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாற்பது வருஷமாக நானும் வாய் திறந்ததில்லை. தேக்கு உத்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன் இதையும் எழுதிவைக்க வேண்டுமில்லையா?

அடுத்து சித்தூர் போகலாம் என்றிருக்கிறேன். 1911-இல் ஜில்லாவைப் பிரிக்கும்வரை வடாற்காட்டுக்குத் தலைமையிடம் அதுதான். அப்புறம்தான் வேலூருக்கு யோகம் அடித்தது. என் பாட்டி, யாராவது வீணாகச் சண்டை பிடித்தால் "சித்தூருக்குப் போய்ச் சொல்லுடா" என்பாள். அவளுக்குச் சித்தூர் என்றால் ஊரில்லை, மேல்கோர்ட். இப்போது அது ஆந்திரா. நாம் பள்ளிக்கூடத்தில் வரைந்த வடாற்காடு படமோ 1989-இல் இரண்டாகி, 2019-இல் நாலாகிவிட்டது. உங்கள் கிராமம் இப்போது எந்த ஜில்லா என்று யோசிக்காமல் சொல் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். வீட்டுக்கு வந்ததும் என் தகரப் பெட்டியை இறக்கினேன். அந்த ஓட்டையை நினைத்துக்கொண்டே பழைய டைரிகளைப் புரட்டினபோது, அடியில் ஒரு நீளக் கவர். உங்கப்பா வழக்கின் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை நகல். நகல் மனுப் போட்டு, ஸ்டாம்ப் பேப்பர் கேட்டு நோட்டீஸ் போர்டில் நம்பர் வருகிறதா என்று தினமும் பார்த்து நான்தான் வாங்கினேன். அவரிடம் கொடுக்க வைத்திருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அப்புறம் கொடுக்கலாம், அப்புறம் கொடுக்கலாம் என்று இருந்து மறந்தே போனேன். இது என் தப்பு. பதினான்கு வருஷ வழக்கு, ஏழு பக்கம். நாலில் ஒரு பங்கு உங்களுக்கு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. மடிப்பில் லேசாகக் கிழிந்திருக்கிறது, முத்திரை நன்றாகத் தெரிகிறது.

கிணறு இப்போது என்ன நிலையில் இருக்கிறதோ தெரியாது. போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கலாம், நீ இல்லாமல் போக மனது வரவில்லை. நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பவா, இல்லை நீயே வந்து வாங்கிக்கொள்கிறாயா? வருவதாக இருந்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் வா. கோர்ட் திறந்துவிட்டால் எனக்கு ஒழிவு இருக்காது. தங்கச்சியையும் அழைத்து வா, இங்கே முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கிறது.

அன்புடன்,
கோபால்