ஐம்பதில் டிராக்கில் இறங்கும் மகளுக்கு

கண்ணு,

மூத்தவர்களுக்கான தடகளப் போட்டியான மாஸ்டர்ஸ் மீட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், குண்டு எறிதல் மூன்றுக்கும் பேர் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடு. அதற்கு முன் மீட் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார். உலக மாஸ்டர்ஸ் விதிப்படி 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரிப்பார்கள். போட்டி தொடங்கும் முதல் நாளன்று எத்தனை வயது முடிந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. உனக்கு நவம்பரில் 50 முடிகிறது. மீட் அதற்கு முன்னால் தொடங்கினால் நீ 45–49 பிரிவு, குண்டு 4 கிலோ. பின்னால் என்றால் 50–54 பிரிவு, குண்டு 3 கிலோ. அதற்கப்புறம் 74 வயது வரைக்கும் அதே 3 கிலோதான். பணம் கட்டும் முன் இன்னொன்றும் விசாரி: மாஸ்டர்ஸ் மீட் என்று பலரும் நடத்துகிறார்கள். அங்கே ஜெயித்தால் ஆசியப் போட்டிக்கும் உலகப் போட்டிக்கும் அனுப்பும் தகுதி அந்த அமைப்புக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

உன் வயதில் ஓட்டத்தைக் கெடுப்பது மூச்சு இல்லை. கெண்டைக்கால், குதிகால் நாண், பின்தொடை, இந்த மூன்றும்தான். பயிற்சி ஆரம்பித்த ஆறெட்டு வாரத்தில் சதை வலுவாகிவிடும், கால் லேசாகத் தெரியும். ஆனால் சதையை எலும்போடு கட்டுகிற நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது கெட்டிப்பட மாதக்கணக்கு ஆகும். இரண்டாவது மாதம் ‘வேகம் வந்துவிட்டது’ என்று முழு வேகத்தில் பறப்பவர்கள்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அதனால் குதிகால் வேலையை இன்றைக்கே தொடங்கு. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில். இரண்டு காலாலும் எம்பு, ஒரு காலில் மட்டும் இறங்கு. மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு குதிகால் மெதுவாகப் படிக்குக் கீழே போக வேண்டும். முட்டி நேராக 15 தடவை வீதம் மூன்று செட், முட்டியைச் சற்று மடக்கி இன்னொரு மூன்று செட். மடக்கிச் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தட்டைச் சதைக்கு வேலை தருவது அதுதான். பன்னிரண்டு வாரம் விடாமல் செய். சுலபமாகத் தெரிந்தால் முதுகுப் பையில் 5 கிலோ போட்டுக்கொள். நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பு ஓரத்திலேயே வலி இருந்தால் படி வேண்டாம், சமதரையிலேயே செய். அந்த வலிக்குக் குதிகாலைக் கீழே இறக்குவது இன்னும் கெடுதல். ஒற்றைக் காலில் இடைவிடாமல் 25 தடவை எம்ப வரும்வரை ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) பக்கம் போகாதே. காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் விறைப்பு நேற்றைவிடக் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஸ்பிரிண்ட் கிடையாது.

பின்தொடைக்கு, முட்டியடியில் தலையணை வைத்து மண்டியிட்டு, கணுக்காலை மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பு மடங்காமல் முன்னால் மெதுவாகச் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள். நான்கு தடவை, இரண்டு செட், வாரம் இருமுறை போதும். முதல் வாரம் மூன்று நாள் சதை வலிக்கும். ஸ்பிரிண்டுக்கு முந்தின நாள் இதைச் செய்யவே கூடாது.

ஸ்பிரிண்ட் வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் 72 மணி நேர இடைவெளி. முதல் மாதம் புல்தரையில் 60 மீட்டர் ஆறு தடவை, வேகம் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வேண்டாம். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தின் சிந்தெடிக் டிராக் பக்கத்தில் இருக்கிறது என்று தினமும் போய் நிற்காதே, வாரம் ஒரு நாள் போதும். ஸ்பைக்ஸ் போடும்போது 6 மில்லிமீட்டர் ஆணி, முதல் தடவை கடைசி இரண்டு ஓட்டத்துக்கு மட்டும். 200 மீட்டர் பயிற்சியை வெளி லேன்களில் ஓடு. உள் லேனில் வளைவு இறுக்கம், இடது கணுக்காலுக்குப் பாரம் அதிகம். மாஸ்டர்ஸில் ஸ்டார்ட்டிங் பிளாக் (குனிந்து காலால் உதைத்துக் கிளம்பும் கட்டை) கட்டாயமில்லை, நின்றபடியே கிளம்பலாம். பிளாக்கில் பழக வாரம் அரைமணி ஒதுக்க முடியாது என்றால் நின்றே கிளம்பு. அரைகுறையாகப் பழகி பிளாக்கிலிருந்து தடுமாறுவதைவிட அது வேகமாகவே இருக்கும்.

குண்டில் நிதானம் போதும், ஒரு நாளைக்கு 20 எறி தாண்டாதே. 4 கிலோவுக்குப் பழகிய கை 3 கிலோ கிடைத்ததும் பந்து மாதிரி வீசப் பார்க்கும். முழங்கை கீழே விழும், குண்டு கழுத்தைவிட்டு விலகும், தோளுக்குப் பின்னால் போனால் ஃபவுல். முழங்கையின் உள்பக்க வலியும் அதில்தான் வரும். எறிந்தபின் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அவசரத்தில் முன்பக்கம் காலை வைத்தால் நல்ல எறியும் போச்சு. உன் வயதுப் பெண்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். கையைப் பின்னால் கொண்டுபோய் பிளவுஸ் கொக்கி போட முடியவில்லை என்றால் எறிவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

அந்தத் தோளுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது போட்டிக் காலத்தில் தடைசெய்த மருந்து. ‘வயசானவங்களை யார் சோதிக்கப் போறாங்க’ என்று நினைக்காதே, உலக மாஸ்டர்ஸ் போட்டியில் ஊக்கமருந்து சோதனை உண்டு. நீ பி.பி.க்குச் சாப்பிடும் டெல்மிசார்டன் அட்டையைத் திருப்பிப் பார். பெயருக்குப் பின்னால் ‘எச்’ இருந்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். அது சிறுநீர் பெருக்கி, எப்போதுமே தடை. டெல்மிசார்டன் மட்டும் என்றால் பயமில்லை. மாதவிடாய் நிற்கும் சமயத்துக்கு எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் பரவாயில்லை, டிபோலோன் தடை. மாற்று மருந்து இல்லை என்றால் முன்கூட்டியே சிகிச்சை விலக்கு அனுமதி வாங்க வேண்டும். நீயாக மாத்திரையை நிறுத்தாதே. தடை இல்லாவிட்டாலும் ஆபத்தான ஒன்று இருக்கிறது: சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சட்டென்று எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்ஸாசின் வகை. குதிகால் நாண் அறுந்துபோகலாம் என்று 2008-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் அட்டையில் எச்சரிக்கை போட வைத்தது. சாப்பிட்டு மாதங்கள் கழித்தும் நடக்கலாம். ஓடுகிறவள் என்று டாக்டரிடம் சொல்லி வேறு கேள்.

குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதே, இடுப்புத்தளத் தசைக்கு என்றே பிசியோ இருக்கிறார்கள். ரத்தப்போக்கு அதிகமிருந்தால் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார். சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் 25, 30 கிராம் புரதம் சேர வேண்டும். இரண்டு இட்லியில் அது வராது, கூட மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் வை.

போட்டியன்று அட்டவணையை நம்பாதே. ஒன்பது மணி ஓட்டம் பன்னிரண்டுக்கும் நடக்கும். வார்ம்-அப்புக்கு 40 நிமிடம்: பத்து நிமிடம் மெது ஓட்டம், பிறகு கால் வீசல், ஸ்கிப்பிங் டிரில், கடைசியாக 50 மீட்டர் மூன்று, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி. அரைமணிக்கு மேல் தாமதமானால் அந்தக் கடைசி மூன்றை மட்டும் மறுபடி செய். பேண்ட்டை லேனுக்குப் போனபின் கழற்று. குண்டும் 100 மீட்டரும் ஒரே நேரத்தில் வந்தால் முன்கூட்டியே குண்டு நடுவரிடம் சொல்லிவை. அந்தச் சுற்றுக்குள் உன் முறையை மாற்றித் தரலாம். நீ இல்லாதபோது உன் முறை போய்விட்டால் அந்த எறி போனதுதான்.

வயதுச் சான்றின் அசலைக் கையில் வைத்துக்கொள். எண் அட்டைக்கு நான்கு ஊக்கு போதும், எட்டு கொண்டுபோ. போட்டிக்கு முன் பேர் கூப்பிட்டு உட்கார வைக்கும் அறையில் (call room) யாராவது கேட்பார்கள்.

அம்மா