சாலையில் வைக்கோல், சைலென்சரில் நெருப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னார்குடியில் 22 ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்திவருகிறேன். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய பெட்ரோல் கார்களில் 'ஆன்டி-லேக்' அமைப்பைச் சேர்க்கும் மோகம் எங்கள் பகுதி இளைஞர்களையும் பிடித்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

எஞ்சினில் எரிந்து வெளியேறும் வாயுதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது வேகம் இழக்கும். மறுபடி மிதித்தால் இழுவை வரச் சற்று நேரம் பிடிக்கும். ராலி பந்தயத்தில் அந்தத் தாமதம் பெரிய இழப்பு என்பதால், காலை எடுத்த பின்னும் காற்றை உள்ளே விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எரிபொருளில் ஒரு பகுதியைச் சிலிண்டருக்கு வெளியே எரியவைத்துச் சக்கரத்தை ஓயாமல் சுழலவைக்கிறார்கள்; இதுதான் ஆன்டி-லேக். சைலென்சரில் கேட்கும் வெடிச்சத்தமும் தெறிக்கும் தீயும் அதனால் வருபவையே. 1994இல் வந்த டொயோட்டா செலிக்கா ஜிடி-ஃபோர் காரில், பந்தய விதிக்காக இதன் பாகங்களைப் பொருத்தியிருந்தும், சாலைக்கு விற்ற வண்டிகளில் அதை இயங்காமல்தான் வைத்திருந்தார்கள்.

சென்ற தை மாதம் அப்படி மாற்றிய கார் ஒன்று என்னிடம் வந்தது. டர்போவின் இதழ்கள் ஓரம் கருகியிருந்தன; புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போலிருக்க வேண்டிய பகுதி உருகிக் கட்டியாகக் கிடந்தது. நெல் விற்ற பணத்தில் தந்தை வாங்கித் தந்த கார், எட்டு மாதம்கூட ஆகவில்லை. செலவைச் சொன்னபோது அந்தத் தந்தையின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட என்னை அச்சுறுத்துவது வேறு. சம்பா அறுவடையில் நீடாமங்கலம் சாலையிலும் திருத்துறைப்பூண்டி சாலையிலும் வைக்கோல் காய்கிறது. பின்னர் உளுந்துச் செடியும் பயற்றஞ்செடியும் பரப்புகிறார்கள். அடியில் சிக்கிய வைக்கோல் சாதாரணக் காரின் சைலென்சர் சூட்டிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். அதன்மேல் நெருப்பைக் கக்கும் வண்டி ஓடினால், போரடித்துக்கொண்டிருப்பவர்களின் கதி என்ன?

தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஒலி, புகை விதிகளை மீறினால் ரூ.10,000 வரை அபராதமும் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் காவல்துறையினரும் ஓட்டுபவரை மட்டும் நிறுத்திக் கேட்காமல், இந்த மாற்றத்தைச் செய்து தரும் பட்டறைகளையும் சோதிக்க வேண்டும். எங்கள் பட்டறையிலிருந்தே தொடங்கினாலும் மகிழ்ச்சியே. வரும் சம்பா அறுவடைக்கு முன்பே அது நடக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
மன்னார்குடி