ரெண்டு தடவை செத்த துரைக்காக உழைத்தவர்களுக்கு நன்றி

கடலூர் மக்களுக்கு வணக்கம்.

நம்மூர் பழைய கல்லறைத் தோட்டத்தில், பாதி இடிந்த கும்மட்டத்தோடு நிற்கும் அந்த இங்கிலீஷ் துரையின் கல்லறையைச் சுற்றி இப்போது கருவேல முள் இல்லை. கல்லில் இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. விரிசல்களில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. கை கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்றால் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். பெயரும் போடக் கூடாதாம். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

முதல் நன்றி கதை சொன்னவர்களுக்கு. தேவனாம்பட்டினத்துத் தாத்தா ஒருவர், வலை பின்னிக்கொண்டே சொன்னார்: "கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்குன தொரைங்க அவரு. செத்துட்டார்னு பொதைச்சாங்க, உள்ளேருந்து தட்டுனாரு. தோண்டி எடுத்தாங்க. அடுத்த வருசம் மறுபடி செத்தாரு. கல்லுல ரெண்டு வருசமும் போட்டிருக்கு, போய்ப் பாருங்க." வாசலில் பூ விற்கும் அம்மாவோ, கல்லறைக்கு அடியிலிருந்து கோட்டை வரைக்கும் சுரங்கம் போகிறது என்றார். வேண்டுதல் பலித்தால் துரைக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிற வழக்கமும் உண்டு. யார் வைக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் பக்கத்துக் கல்லறைகளைப் போய்ப் பார்க்கட்டும். செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். துரையின் கல்லில் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. இத்தனை காலம் சம்பளமில்லாத காவல்காரன் அந்தக் கதைதான்.

தாத்தா சொன்னபடி கல்லில் நிஜமாகவே இரண்டு வருஷம் இருந்தது. அதைப் படிக்க வைத்தவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றினார். பெயர் இருந்த வரி உப்புக்காற்றில் போய்விட்டது. பிப்ரவரி மாதம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் 174 என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு மேலே 8, கீழே 9.

ஆசிரியர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்குச் சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச் 25ஆம் தேதி. ஜனவரி 1க்கு அவர்கள் மாறியது 1752இல்தான். ஆகவே ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒருவர் இறந்தால் குழப்பம் வராமலிருக்க இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் போடுவார்கள். துரை ஒரே ஒரு தடவைதான் செத்திருக்கிறார். நம் கணக்கில் 1749, விபவ வருஷத்துக் கடைசி. இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அப்போதே புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். இங்கே கோட்டையிலிருந்து மாட்டுவண்டி கட்டி அங்கே போனால் தேதி 11 நாள் முன்னே ஓடியிருக்கும். பிப்ரவரியில் போயிருந்தால் வருஷமே மாறியிருக்கும்!

கப்பல் கதைக்கும் ஒரு பிடி இருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் நம் செயின்ட் டேவிட் கோட்டைதான் இங்கிலீஷ்காரர்களுக்குத் தலைமையிடம். இங்கிலீஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் பாஸ்கவெனின் 'நமூர்' கப்பல் 1749 ஏப்ரல் புயலில் இந்தக் கரைக்கு எதிரில்தான் மூழ்கியது; ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். துரை அதற்கு இரண்டு மாதம் முன்பே கண்ணை மூடிவிட்டார். இதைத் தாத்தாவிடம் சொன்னதற்கு, "அப்ப அது வேற தொரையா இருக்கும்" என்று வலையைப் பின்னப் போய்விட்டார். அவருக்கு இரட்டை நன்றி.

அப்புறம் கொத்தனார். சிமென்ட் மூட்டையோடு போய் நின்ற எங்களைத் திருப்பி அனுப்பினார். "சிமென்ட்டு மூச்சு விடாதுங்க. ஈரம் உள்ளயே நின்னுடும், உப்பு செங்கல்லைத் தின்னுடும்." சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார். கும்மட்டத்தில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்க இளவட்டங்கள் ஏறியபோது அவர் போட்ட சத்தம் சாலைவரை கேட்டது. வேர் செங்கல்லுக்குள் ஓடியிருக்கிறது, இழுத்தால் கும்மட்டமே கையோடு வரும். தண்டை மட்டும் அறுத்து, வேரைச் சாகவிட்டு, காய்ந்த பிறகு சுற்றிலும் கலவை அடைத்தார். பூச்சின்மேல் ஈரச்சாக்கு போட்டு, தினம் வந்து தண்ணீர் தெளித்தார். கூலி வாங்கிக்கொண்டது பாதி நாளுக்குத்தான்.

சுரங்கக் கதையையும் அவரே முடித்துவைத்தார். பக்கச் சுவர் ஓட்டையில் டார்ச் அடித்தால், ஒரு கை நீளத்துக்கு அப்பால் செங்கல் வளைவு, கீழே ஒரு பாம்புச் சட்டை. அவ்வளவுதான். ஓட்டையை அடைத்து, காற்றோட்டத்துக்கு ஒரு செங்கல் அளவு விட்டிருக்கிறார்.

முள் வெட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சாவியைக் கொடுத்த போதகர் ஐயாவுக்கும், முள்ளை அள்ளிப்போன துப்புரவுப் பணியாளர்களுக்கும், கணக்கு எழுதாமல் டீ அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

கடைசியாக, சாராயம் வைக்கிற அன்பருக்கு: வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டிலை உடைக்காமல் ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் அங்கே வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். மிச்சச் சுண்ணாம்பு கொட்டகையில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் அடுத்த கல்லறையைத் தொட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். அவருக்குச் சித்தாள் வேலை செய்ய இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
கலவை சுமந்தவர்களில் ஒருவன்