இரண்டு கொட்டாங்கச்சிகள்: மகனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொன்னேன். பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள், தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறாள், தரை துடைக்கும் திரவத்தின் நெடியே மருமகளுக்குத் தும்மலை வரவழைக்கிறது, ஆகவே சமையலறைச் சாமான்களைக் கொண்டே வீட்டைச் சுத்தம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டாய். பெரும்பாலும் முடியும். ஆனால் அதன்பின் நீ அனுப்பிவைத்த காணொளியைப் பார்த்ததும், இதைத் தொலைபேசியில் சொல்லி முடியாது, உட்கார்ந்து எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

அந்தக் காணொளியில் வினிகரையும் சோடா உப்பையும் ஒரே பாட்டிலில் ஊற்றி, அது பொங்கி வழிவதைக் காட்டி, இதற்குமேல் ஒரு சுத்தம் இல்லை என்கிறார்கள். பொங்குவது கரியமில வாயு. அது போனபிறகு பாட்டிலில் மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த வெறும் தண்ணீர்தான். வினிகரின் புளிப்பைச் சோடா தின்றுவிட்டது, சோடாவின் காரத்தை வினிகர் தின்றுவிட்டது. தனித்தனியே வைத்திருந்தால் இரண்டு வேலைக்கு ஆகியிருக்கக்கூடிய இரண்டு பொருள்களும் வீண். நுரையைக் கண்டு மயங்காதே.

உன் பாட்டியின் கிணற்றடி உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு கொட்டாங்கச்சிகள் இருக்கும். ஒன்றில் ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, மற்றொன்றில் சலித்த விறகுச் சாம்பல். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலி, நெய்க் கிண்ணம், தோசைத் திருப்பி எல்லாம் சாம்பலுக்குப் போகும். செம்புக் குடமும் பித்தளைத் தவலையும் விளக்கும் புளிக்குப் போகும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் ஒருநாள் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து விளக்கைத் தேய்க்கப் போக, பாட்டி ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்ததை வாங்கிக் கொட்டிவிட்டு, கொட்டாங்கச்சிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று நான் படித்திருந்தேன். படிக்காத அவருக்கு அது கைப்பழக்கமாகவே இருந்தது. நான் சொல்லப்போவது முழுவதும் அந்த இரண்டு கொட்டாங்கச்சிகளைப் பற்றித்தான்: எந்த அழுக்கையும் தொடும் முன்னர், இதற்குப் புளிப்பு வேண்டுமா, காரம் வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்துக்கொள்.

எண்ணெய்க்குக் காரம். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது; அது எண்ணெயோடு சேரும்போது கொஞ்சம் சோப்பாகவே மாறிவிடுவதால்தான் பிசுக்கு கழன்று வருகிறது. உன் பெங்களூர்க் குடியிருப்பில் சாம்பலுக்கு எங்கே போவாய்? அடுப்பு மேடையிலும் புகைபோக்கி வலையிலும் படிந்த பிசுக்குக்குச் சோடா உப்பை வெந்நீர் விட்டுக் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். அதற்கும் அடங்காத பழைய பிசுக்கு என்றால் சலவைச் சோடா வாங்கிக்கொள். அது இதைவிட மிகவும் காரமானது, கை தோலை அரித்துவிடும், உறை போடாமல் தொடாதே. இரண்டும் அலுமினியப் பாத்திரத்துக்கு ஆகாது, கறுத்துப்போகும். கறுத்த அலுமினியக் குக்கருக்கு மருந்து எதிர்த் திசையில் இருக்கிறது: கொஞ்சம் புளியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும். குக்கரின் அடித்தண்ணீரில் நான் எப்போதும் ஒரு சுளை புளியைப் போடுவது அதற்காகத்தான். நீ சின்ன வயதில் அதைச் சாம்பாரில் போட மறந்துவிட்டேன் என்று நினைத்து என்னைக் கேலி செய்வாய்.

உப்புக் கறைக்கும் களிம்புக்கும் புளிப்பு. உன் குளியலறைக் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதாகச் சொன்னாய் அல்லவா, அது ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. சோப்பு போட்டு ஆயுள் முழுவதும் தேய்த்தாலும் அது போகாது. புளிப்பு பட்டால் கரைந்துவிடும். ஒரு பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவு. ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் இன்னும் பளபளக்கும் என்று எண்ணாதே, முலாமே போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் சமையலறையின் கடப்பாக்கல் மேடையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், பிறை போல ஒரு வெளுத்த தடம் இருக்கிறதே, அது நான் வைத்தது. ஊறுகாய் போட்ட அன்று பிழிந்த எலுமிச்சைத் தோலை அங்கேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் தோலை எடுத்தால் கல் தன் மினுமினுப்பை இழந்து நின்றது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, பளிங்கும் அப்படித்தான், மொசைக் தரையில் பதித்திருப்பதும் பளிங்குச் சில்லுகளே. குழாயின் சுண்ணாம்பைக் கரைக்கிற புளிப்பு இவற்றையும் அதே போலக் கரைக்கும். அது தேய்த்துப் போக்கக்கூடிய கறை இல்லை, கல்லே போனது. நீ இருக்கும் வீட்டின் தரை பீங்கான் ஓடு என்றால் கவலை இல்லை. ஆனால் வாடகை வீடு, குளியலறைத் திண்டு பளிங்காக இருந்தால் வினிகர் பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே.

இனி விளக்கு. கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கறுத்துப்போய்ப் பரண்மேல் கிடக்கிறது என்று மருமகள் கூச்சத்தோடு சொன்னாள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பித்தளை கறுப்பது இயல்பு. முதலில் எண்ணெய் போக வேண்டும். எண்ணெய் இருக்கும்வரை புளி உள்ளே இறங்காது. அடுக்கடுக்காகக் கழற்றி, திரிக்குழியில் இறுகிய பிசுக்கைக் குச்சியால் சுரண்டிவிட்டு, சீயக்காய்த்தூள் போட்டு வெந்நீரில் கழுவு. அதன்பிறகு புளிச்சக்கையில் ஒரு சிட்டிகைத் தூள் உப்பைச் சேர்த்து (கல்லுப்பு கீறிவிடும்) உள்ளங்கையால் தேய். கறுப்பு விட்டுப்போகும்போது சக்கை பச்சையும் பழுப்புமாக மாறும், விரலிடுக்கில் அழுக்குச் சாறு வழியும், நடுவில் திடீரென்று ஓரிடம் மஞ்சளாகத் திறக்கும். அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் பிறகு கை தானாக ஓடும். ஒரு பகுதியைத் தேய்த்த உடனே கழுவிவிடு. புளியைப் பூசி ஊறப்போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிபட்டு, செம்பின் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். கழுவியதும் ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, கடைசியில் உலர்ந்த விபூதியால் ஒருமுறை மெருகு கொடு. வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கும் அதே விபூதி போதும். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தில் மட்டும் இந்தப் புளித் தேய்ப்பு வேண்டாம்.

புளிப்பும் இல்லாமல் காரமும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு, உனக்கு அதிகம் பயன்படப் போவது அதுதான்: பூந்திக்கொட்டை. உன் ஊர்க் கடையில் அண்ட்டுவாளக்காய் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் தோலில் இருக்கும் சப்போனின் என்ற பொருள் சோப்பைப் போலவே அழுக்கைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பும். கொட்டையை எறிந்துவிட்டு, பதினைந்து இருபது காய்களின் தோலை இரவு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அதே தண்ணீரோடு கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டிக்கொள். கடையில் வாங்கும் திரவம்போல நுரை மலையாக எழும்பாது. நுரை குறைவாக இருப்பதால் அழுக்கு போகவில்லை என்று நினைத்துவிடாதே. பாத்திரத்துக்கும் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் ஆகும். பேத்தி தவழும் தரைக்கு, ஒரு வாளித் தண்ணீரில் கால் டம்ளர் விட்டுத் துடைத்து, மறுமுறை வெறும் தண்ணீரால் துடைத்துவிடு. உண்மையைச் சொன்னால், பெரும்பாலான நாள்களில் நல்ல தண்ணீரும் அலசிப் பிழிந்த சுத்தமான துணியுமே அந்தத் தரைக்குப் போதும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஆரஞ்சுத் தோலைப் புளிக்கவைத்துச் செய்யும், என்சைம் என்று பெயர் சொல்லும் தரை துடைக்கும் திரவத்தைப் பற்றியும் கேட்டாய். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும் என்பது கணக்கு. நானும் செய்தேன். பிளாஸ்டிக் பாட்டிலில் செய், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடு என்று படித்திருந்தும், கண்ணாடிச் சாடி அழகாக இருக்கிறதே என்று அதில் ஊற்றி இறுக மூடிவிட்டு உன் சித்தி வீட்டுக்கு நான்கு நாள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பரணிலிருந்து சுவர் நெடுகப் பழுப்பு ஆறு ஓடியிருந்தது, சாடி மூன்றாகப் பிளந்து கிடந்தது, அப்பா எதுவும் தெரியாதவர்போல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சரியாக வந்தது. தரைக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் வேலை செய்வது முக்கியமாகப் புளித்ததால் உண்டான அமிலம்தான், பெயரில் உள்ள என்சைம் அன்று. ஆகவே அதுவும் புளிக் கொட்டாங்கச்சியைச் சேர்ந்தது. கடப்பாக்கல் விதி அதற்கும் பொருந்தும்.

சட்டையில் சாம்பார் சிந்தினால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும், பயப்படாதே. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமமாகச் சிவக்கிறதே, அதே சங்கதிதான், காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். நன்றாக அலசி வெயிலில் காயப்போடு. மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது, ஒன்றிரண்டு நாளில் தானாக வெளுத்துவிடும்.

இவற்றால் ஆகாத வேலைகளும் உண்டு, அங்கே பிடிவாதம் பிடிக்காதே. வினிகரும் எலுமிச்சையும் கிருமிநாசினி ஆகிவிடாது. கோழி, மீன் வெட்டிய பலகையைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவு. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தால், அந்த இடத்தைச் சோப்பால் கழுவியபின் ப்ளீச் திரவத்தை லேபிளில் சொன்ன அளவில் கலந்து துடைப்பதுதான் சரி. ஆனால் அந்த ப்ளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ கழிப்பறை ஆசிட்டோ ஒருபோதும் சேரக்கூடாது, குளோரின் வாயு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன்பு பிளீச்சிங் பவுடர் தூவிய குளியலறையில் இன்னும் வெளுக்கட்டும் என்று ஆசிட்டை ஊற்றினேன்; கண்ணும் தொண்டையும் எரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன், இருமல் நிற்க இரண்டு நாள் ஆனது. எறும்பு வராமலிருக்கத் தரை துடைக்கும் தண்ணீரில் கற்பூரத்தைப் பொடித்துப் போடச் சிலர் சொல்வார்கள். பேத்தி இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். கோவிலில் இருக்கும் பொருள், சமையலறையில் இருக்கும் பொருள் என்பதற்காகக் குழந்தைக்கு ஆகிவிடாது.

அடுத்த வாரம் பெங்களூர் வரும் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கிலோ பூந்திக்கொட்டையும், அரைத்த சீயக்காயும், பழம்புளி ஓர் உருண்டையும், ஒரு பொட்டலம் விபூதியும் கொடுத்தனுப்புகிறேன். பழம்புளி குழம்புக்கு அன்று, விளக்குக்கு. காய்ச்சி வடித்த எதையும் பெயர் எழுதி ஒட்டாமல் குளிர்பெட்டியில் வைக்காதே, குழந்தைக்கு எட்டும் தட்டிலும் வைக்காதே. போன மாதம் நான் டம்ளரில் மூடி வைத்திருந்த பூந்திக்கொட்டைத் தண்ணீரைச் சுக்குக் கஷாயம் என்று எண்ணி உன் அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கசப்பு தாங்காமல் கொல்லைப்புறம் ஓடினார். இப்போது அவரே ஒரு பேனாவும் ஒட்டுத்தாளும் வாங்கி வந்து, வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டில்களிலும், தண்ணீர்ப் பாட்டில் உட்பட, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா