தாகமா, ஏழா?

பலெர்மோ

அன்பு மகனுக்கு,

சுகம்தானே ராசா? மிலானோவில் குளிர் தொடங்கியிருக்கும். போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. வேலை நேரமாக்கும்.

நீ விட்டுப்போன பையில் உன் இத்தாலிக் கொப்பி கிடந்தது. என்ன வடிவான எழுத்து! சின்ன வயதிலும் உன் கொப்பியைத்தான் ரீச்சர் எல்லாருக்கும் காட்டுவா. ஆனால் இத்தாலியைத் தமிழில் எழுதிப் பாடமாக்காதே அப்பன். தாகத்துக்கு ‘சேதே’ என்று எழுதியிருக்கிறாய். அதை நம் வாய் ‘பாதி’யில் வருகிற த போல மெலிதாகத்தான் படிக்கும். அவர்களுக்கு அது தலைமை அலுவலகம். ‘செத்தே’ என்று இரட்டித்தால் ஏழு. தாகத்துக்கு வேண்டியது ‘தலை’யில் வருகிற வல்லின த, அதுவும் ஒற்றையாக, சொல்லின் நடுவில். அதைத் தமிழில் எழுதிக் காட்ட வழியில்லை. காதால்தான் பிடிக்க வேண்டும்.

மற்றதில் பலதும் எங்களுக்கு லேசு. பலியும் பல்லியும் வேறு என்று தெரிந்தவனுக்கு, பாலா என்றால் மண்வாரி, பல்லா என்றால் பந்து என்பது பெரிய காரியமா? அம்மணி என்கிற சிஞ்ஞோராவில் இருப்பது எங்கள் ஞதான். பாஸ்தாவை மட்டும் பாஸ்டா ஆக்காதே, நாக்கு பல்லில் பட வேண்டும். அங்கோராவில் முன்னால் அழுத்தினால் நங்கூரம், நடுவில் அழுத்தினால் ‘இன்னும்’. இதில்தான் எங்கள் ஆட்கள் விழுவது.

நான் கதைப்பது பலெர்மோ இத்தாலி, நீ சிரிப்பாய். நான் பார்க்கிற கிழவி என்னை ‘பெட்டா’ என்பா, அழகி என்று அர்த்தம். வண்டியில் வருகிற ட, அதை இரட்டித்தது. அது சிசிலிப் பேச்சு. அங்கே போய் அப்படிக் கதைக்காதே.

மாலை வகுப்புக்கு நீ போவதில்லையாம், மேசைக்குப் போய் ஓடர் எடுக்கச் சொன்னாலும் மாட்டேன் என்று கோப்பை கழுவுகிறாயாம். மாமி சொன்னா. நான் நம்பவில்லை. ஆனால் அறையிலும் எங்கட ஆட்கள், வேலையிலும் எங்கட ஆட்கள் என்றால் வாய் எப்படித் திரும்பும்? சத்தமாக வாசி. ரேடியோ கேள். கொப்பியைப் பார்க்காதே, கேள்.

நிரந்தர சொஜ்ஜோர்னோவுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, ஏ2 மொழித்தரம் வேண்டும் என்பது 2010இலிருந்து இருக்கிற விதி. அந்தச் சோதனையில் கேட்டு விளங்குகிற பகுதி உண்டு. குடியுரிமைக்கு 2018இலிருந்து பி1 கேட்கிறார்கள், அதற்கு வாயால் கதைக்கவே வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும், சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்று கோபிக்காதே.

ஞாயிறு பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி புனித ரொசாலியா அம்மாவுக்கு உன் பேரில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

சோதனைக்குப் போனாயா என்று நான் கேட்கவில்லை. போகாவிட்டால் திரும்பப் பதியலாம். லீவு எடுத்தால் சம்பளம் வெட்டுவார்கள் என்றால் சொல்லு, அந்தக் காசை நான் அனுப்புகிறேன். அப்பாவுக்குச் சொல்ல மாட்டேன்.

அம்மா